ஒரு மனைக்கு ஒரு குடும்பம்

1

கிரகப்பிரவேசம் எப்போது என்று அம்பாசமுத்திரத்திலிருந்து அண்ணன் கேட்டு எழுதியிருக்கிறார். அதே கடிதத்தின் ஓரத்தில் இடம் பிடித்து, "சாரதா, உன் புது வீட்டுக்குக் குத்துவிளக்கு வாங்கி வைத்திருக்கிறேன். கப்பலில் யார் வருகிறார்கள் என்று எழுது" என்று சித்தி ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். பொங்கலுக்குக் கடிதம் எழுதும்போது, மலாக்காவில் எங்களுக்கென்று ஒரு தனி வீடு வரப்போகிறது, சுற்றிலும் வேலி, முன்னால் ரோஜாச் செடி வைக்க இடம், யார் முகத்திலும் விழிக்காமல் காலையில் காப்பி போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

இங்கே மெர்டேக்கா வந்து ஓராண்டு நிறைகிறது. நாம் சுதந்திரம் என்பதை இவர்கள் மெர்டேக்கா என்கிறார்கள். கடைத்தெரு முழுவதும் கொடி கட்டிவிட்டார்கள். என் மகள் வள்ளியும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டுக் காகிதக் கொடி கொண்டுவந்து, வேலியில் ஒட்டப் பசை காய்ச்சித் தரச் சொன்னாள். மாவைக் கிண்டிக்கொண்டே யோசித்தேன். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதினால் ஆளாளுக்கு ஒரு விதமாகத்தான் எழுதுவேன். அதைவிட, நடந்ததை நடந்தபடி ஒரே தடவை பத்திரிகைக்கு எழுதிவிடுவது நல்லது. அண்ணன் வாசகசாலையில் படிப்பார். சித்திக்கு யாராவது படித்துச் சொல்லட்டும்.

2

நாங்கள் இருக்கும் பகுதிக்குக் காஜா பெராங் என்று பெயர். சினங்கொண்ட யானை என்று பொருளாம். யானையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சினத்துக்கு மட்டும் எங்கள் வீட்டின் மூன்று அடுப்படிகளிலும் பஞ்சமில்லை.

மூன்று அடுப்படி என்றேன். ஒரே மனையில் மூன்று குடித்தனம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா தெய்வானை. நெற்றியில் விபூதி, உடம்பில் மலாய்க்காரப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். பக்கத்திலேயே உள்ள கம்போங் செட்டியில் பிறந்தவர். எத்தனையோ தலைமுறைக்கு முன்பு நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இந்த மண்ணிலேயே பெண் கட்டித் தங்கிவிட்ட செட்டிகளின் வம்சம். தமிழைத் தொலைத்துவிட்டார்கள், சாமியைத் தொலைக்கவில்லை. சாமி, தண்ணி, அப்பா, பாவம் என்று கைவிரல்களுக்குள் அடங்கும் தமிழ்தான் அவருக்கு வரும். ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல் நானும் அவரை மாச்சிக் என்கிறேன், சின்னம்மா என்பதற்கு ஈடான சொல். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரோடு போய்விட்டார்கள். அந்தப் பெரிய வீட்டில் அவரும் சுவர் நிறையப் படங்களாக அவருடைய முன்னோர்களும்தான்.

பக்கவாட்டுக் கட்டில் நானும் என் கணவரும் வள்ளியுமாக நாங்கள் மூவர். பின்கட்டில் அஞ்சலையும் அவள் வீட்டுக்காரர் மணியமும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை மூண்டு துப்பாக்கிச் சத்தம் அதிகமான வருஷங்களில் டவுனுக்கு வந்துவிட்டார்கள். மணியம் லாரி ஓட்டுகிறார். அஞ்சலை என்னைவிட இளையவள். தனக்கென்று எதற்கும் பயப்படாதவள், அடுத்த வீட்டுக்கு ஒன்று என்றால் என்னைவிட அதிகமாகப் பதறுகிறவள்.

வந்த புதிதில் எனக்கு மலாய் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பாசார் என்று சொல்லும் சந்தையில், கெலாப்பா என்னும் தேங்காய்க்குப் பதில் கெப்பாலா என்று உளறி, தேங்காய் துருவித் தரச் சொல்வதாக நினைத்து ஒரு கடைக்காரரின் தலையைத் துருவித் தரச் சொல்லியிருக்கிறேன். அவர் நிதானமாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து காட்டினார். சந்தையே சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்து அழுத என்னைத் தேற்றுவதற்கு மாச்சிக் ஒரு கிண்ணத்தில் பலகாரம் கொண்டுவந்தார். அதில் முட்டை இருந்ததால் நான் தொடவில்லை. இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

3

இவர் நகர அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். மலாக்கா டவுன் முழுவதையும் தாளில் வரைந்து, எந்த இடத்தில் என்ன இருக்கலாம் என்பதற்கு நிறம் தீட்டுவார்கள். கடைக்குச் சிவப்பு, பட்டறைக்குச் சாம்பல். எங்கள் தெருவுக்குப் பழைய வரைபடத்தில் ஆரஞ்சு நிறம். பல குடும்பங்கள் கலந்து குடியிருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். புது அரசாங்கம் வந்த பிறகு அந்தத் திட்டத்தைத் திருத்தினார்கள். ஆரஞ்சு மஞ்சளாயிற்று. ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்.

கெட்ட எண்ணத்தில் செய்த காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். டவுனுக்குள் ஓர் அறையில் பத்துப் பேர் படுத்துக் கிடக்கும் சந்துகளை நானே பார்த்திருக்கிறேன். சுதந்திர நாட்டு ஜனங்கள் காற்றும் வெளிச்சமுமாகத் தோட்டம் போட்டு வாழட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதில் எங்கள் மூன்று அடுப்படிகளும் அகப்பட்டுக்கொண்டன.

"குடும்பம்னா யாருன்னு அதுல எழுதியிருக்கா?" என்று இவரைக் கேட்டேன்.

"எழுதாம இருப்பாங்களா? ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவங்க ஒரு குடும்பம். அடுப்பு ரெண்டானா குடும்பம் ரெண்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரிலும் பங்காளிகள் பிரிந்தார்களா இல்லையா என்று கேட்பவன், உலை தனியா என்றுதானே கேட்கிறான்? கடல் கடந்து வந்த துரைமார்கள் எழுதிவிட்டுப் போன சட்டமும் அதே இடத்தில் வந்து நின்றுவிட்டது என்றேன். இவர் சிரிக்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே மீதியைச் சொன்னார்.

வீடு வீடாக ஓர் அதிகாரி வருவார். ஒரு குடும்பத்துக்கு மேல் இருந்தால் மிச்சமுள்ளவர்கள் வாடகைக்காரர்கள் என்று எழுதிக்கொள்வார். வாடகைக்காரர்கள் தவணைக்குள் காலி செய்ய வேண்டும், பின்கட்டையும் பக்கக்கட்டையும் இடிக்க வேண்டும். அப்படிக் காலி செய்கிறவர்களில் நகர அலுவலக ஊழியர்களுக்கு, பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் சாலையில் கட்டும் புது வீடுகளில் முதல் உரிமை உண்டு. தனி வீடு, தவணை முறையில் சொந்தமாகிவிடும்.

"அப்ப நமக்கு?"

"நமக்குக் கிடைக்கும். நாம வாடகைக்காரங்கதானே."

"அஞ்சலைக்கு?"

"மணியம் கம்பெனி லாரி ஓட்டுறவரு. அவருக்குப் பிறப்புச் சீட்டே சரியா இல்ல. தோட்டத்து லயத்துல பிறந்ததுக்கு யாரு எழுதி வச்சா?" பென்சில் முனையை ஊதினார். "மாச்சிக்குக்கு வீடு மிஞ்சும். ரெண்டு கட்டையும் இடிச்சப்புறம் என்ன மிஞ்சுமோ அது."

உள்ளதைச் சொல்கிறேன், அன்று எனக்கு அஞ்சலை ஞாபகமும் வரவில்லை, மாச்சிக் ஞாபகமும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவரை இழுத்துக்கொண்டு பத்து பெரெண்டாம் சாலைக்குப் போனேன். செம்மண்ணில் முளையடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அடுப்படி வரும் இடம் எது என்று கேட்டு அதற்குள் போய் நின்றேன். அந்தக் கயிற்றுக்குள் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கலியாணமாகிப் போன வீட்டில் மூன்று ஓரகத்திகள், ஒரு மாமியார், எல்லோருக்கும் ஒரே அடுப்படி. உப்பு போட்டாயா என்று நாலு பேர் கேட்டு, நாலு பேரும் போட்ட குழம்பைத் தின்று வாழ்ந்தவள் நான். இவருக்கு மலாயாவில் வேலை என்றதும் மற்றவர்கள் அழுதார்கள். நான் அழுவதுபோல் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

4

செய்தி தெருவில் பரவியதும் யோசனை சொன்னவள் அஞ்சலைதான்.

"இதுல என்னக்கா இருக்கு? ஒரே அடுப்புல சமைச்சா ஒரே குடும்பம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. சமைச்சிட்டுப் போவோம். அந்த ஆபீஸ் துவான் வந்து பார்க்கட்டும். பார்த்துட்டுப் போகட்டும்லா."

மாச்சிக் அன்று மாலையே என்னிடம் வந்தார். வாசற்படியில் நின்றுகொண்டே, தன் அடுப்படியில் எனக்கும் இடம் உண்டு என்றார். அவருடைய மலாயை நான் தமிழில் எழுதுகிறேன். "உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சமைக்கத்தான் கூப்பிடுகிறேன். இந்த வீட்டை இடித்தால் எனக்குப் போக இடம் இருக்கிறது, சிங்கப்பூரில் மகன் இருக்கிறான். இவர்களுக்கு எங்கே இடம் இருக்கிறது?" என்று உள்ளே கையைக் காட்டினார். சுவரில் இருக்கும் படங்களைத்தான் சொன்னார். செத்தவர்கள் வழி தெரிந்து வருகிற வீடு அது ஒன்றுதான் என்பது அவர் நம்பிக்கை.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பு சேர்ந்தால் சேரட்டும், அதிகாரி வந்து கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். பத்து பெரெண்டாம் கயிற்றை நான் விடவில்லை.

இவர் கை கழுவிவிட்டார். "அந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்குறவன் நான். என் வீட்டு விஷயத்துல நான் வாயைத் திறக்கக் கூடாது, அது முறையில்ல. வர்றவரு உன்னைத்தான் கேப்பாரு. நீ சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு முறை எப்போதும் நல்ல சமயத்தில் ஞாபகம் வருகிறது.

அப்புறம் தொடங்கியது கூத்து. எங்களுடையது சைவச் சமையல். மாச்சிக்குக்குப் பிளாச்சான் இல்லாமல் சோறு இறங்காது. இறாலைக் காயவைத்து இடித்துக் கட்டியாக்கிய அந்தச் சரக்கை நெருப்பில் வாட்டினால், வாடை தெருக்கோடி வரை போய் ஆள் கூட்டி வரும். அஞ்சலைக்கு மிளகாய் என்றால் கணக்கே கிடையாது. விடியற்காலையில் என் முறை, நான் முடித்துத் துடைத்துவிட்டு வந்த பிறகு அவர்கள் இருவர் முறை என்று ஏற்பாடு. என் கரண்டியை அஞ்சலை மீன் சட்டியில் விட்டுவிட்டாள் என்று ஒருநாள் சண்டை. நான் தாளிக்கும் பெருங்காயத்துக்கு மாச்சிக் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது இன்னொரு நாள்.

"ஏன்க்கா, இது நாறல, எங்க மீன்தான் நாறுதா?" என்றாள் அஞ்சலை.

தப்பித்து ஓடிவந்த அடுப்படி பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அதிகாரியோ வரவில்லை. இன்று, நாளை என்று வாரங்கள் ஓடின.

5

சித்திரை கடைசியில் அப்பா தவறிப்போனார். அண்ணனின் கடிதம் எனக்கு வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. கலியாணமான பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டு. அந்த மூன்று நாளும் நான் தெரியாமலே சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், அவ்வளவுதான் எனக்கு வைத்திருந்த காரியம். பிண்டம் வைக்க அண்ணன் இருக்கிறார். பெண் எதற்கு?

குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை என் முறைச் சமையலைத் தானே செய்து, தனிச் சட்டி வாங்கி வந்து செய்தேன் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். மாச்சிக் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டார். "உன் அப்பாவுக்குச் சாப்பாட்டில் எது பிடிக்கும்?"

சொதி என்றேன். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். கலியாணத்துக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் அதைத்தான் போடுவார்கள் என்றும், என் கலியாணத்தில் அப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். தேங்காய்ப்பால் என்றதும் மாச்சிக் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஆனி பிறந்ததும் இங்கே பழக்காலம். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் என்று பாசாரில் கால் வைக்க இடமிருக்காது. அந்தச் சமயத்தில் கம்போங் செட்டிக்காரர்கள் வீட்டுக்கு வீடு முன்னோர்களுக்குப் படைப்பார்கள். நாம் படையல் என்பதை அவர்கள் பார்ச்சு என்கிறார்கள். செத்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னது பிடிக்கும் என்று ஞாபகம் வைத்துச் சமைத்து, இலை போட்டு, விளக்கேற்றி, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். சாப்பிடுகிறவர்கள் சங்கோசப்படக் கூடாதல்லவா?

பார்ச்சு நாளன்று காலையில் மாச்சிக் என்னைக் கூப்பிட்டார். "உன் அப்பாவுக்கும் ஓர் இலை போடுகிறேன். சொதியை நீ உன் பழைய அடுப்பில் சமை. மீன் பட்ட இடத்தில் செய்தால் பெரியவர் சாப்பிட மாட்டார்."

"பெண் படைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது" என்றேன்.

"நீயா படைக்கிறாய்? என் வீடு, நான் படைக்கிறேன். நீ சமைத்தால் போதும்" என்றார்.

ஓட்டடை படிந்திருந்த என் அடுப்பைத் துடைத்து மூட்டினேன். அத்தனை பேருக்கும் சமைக்க முன்கட்டு அடுப்பு போதாமல் அஞ்சலையும் பின்கட்டு அடுப்பை மூட்டினாள். சட்டத்துக்குப் பயந்து எத்தனையோ வாரம் ஒற்றை அடுப்பில் முட்டி மோதிய நாங்கள், அன்று ஒருவருக்குக்கூட ஞாபகமில்லாமல் மூன்று அடுப்பையும் எரியவிட்டோம்.

6

இலைகளைக் கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்தார். அப்பாவின் இலை மட்டும் ஜன்னலோரம் தள்ளி, மீன் வாடை படாத இடத்தில். மாச்சிக் தன் கொழுந்தன் வரை பேர் சொல்லிக் கூப்பிட்டு முடித்துவிட்டு வள்ளியைப் பார்த்தார். "நீ கூப்பிடு. பேத்தி கூப்பிட்டால் வருவார்."

வள்ளி கை கூப்பிக்கொண்டு, "தோக், மாரி மக்கான்" என்றாள். தாத்தா, வாங்க, சாப்பிடுங்க. அவளுக்கு இயல்பாக வருவது அந்த மொழிதான். தாமிரபரணியைத் தாண்டாத மனுஷருக்கு மலாய் எப்படிப் புரியும்? தமிழில் சொல்லடி என்று அவள் தோளைத் தட்டினேன். என்ன சொல்வது என்று என் முகத்தைப் பார்த்து முழித்தாள். தமிழ்ப்பள்ளியில் போடாமல் விட்டது சரியா என்று அந்த ஒரு நிமிஷத்தில் நூறு தடவை கேட்டுக்கொண்டேன். "தாத்தா, சாப்பிட வாங்க" என்று நானே மெதுவாகச் சொன்னேன்.

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு ரம்புத்தான் மரத்தடியில் எல்லோரும் நின்றோம். இவரும் மணியமும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அப்போதுதான் சைக்கிள் மணி கேட்டது. இவர் முகம் வெளுத்ததைப் பார்த்தே யார் என்று தெரிந்துகொண்டேன். கணக்கெடுக்கும் என்சிக் யூசோப். நாம் ஐயா என்பதை இங்கே என்சிக் என்கிறார்கள். நடுவயது மலாய்க்காரர், வெள்ளைச் சட்டை, அக்குளில் ஒரு கோப்பு.

"ஏன் எல்லோரும் வெளியே நிற்கிறீர்கள்?" என்றார் மலாயில்.

"உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் மாச்சிக்.

"யார்?"

"குடும்பத்தார்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார். கோப்பைப் பிரித்து ஏதோ எழுதப்போனவர் நிறுத்தி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். மாச்சிக் சளைக்காமல் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அஞ்சலை என் முதுகுக்குப் பின்னால் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். விஷயத்தை மணியம் விளக்கியதும் என்சிக் யூசோப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அப்படியானால் காத்திருக்கிறேன்" என்றார். மனுஷர் மரியாதை தெரிந்தவர். நிழலில் நின்று மங்குஸ்தீன் உரித்துச் சாப்பிட்டார்.

மாச்சிக் போய்க் கதவை மூன்று முறை தட்டித் திறந்தார். அதிகாரி முதலில் அடுப்படிகளைப் பார்க்க வேண்டும் என்றார். முன்கட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பின்கட்டில் கங்கு கனன்றது. என் அடுப்பின் மேல் சொதிச் சட்டி இன்னும் சூடாக இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. அஞ்சலையின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"மூன்று அடுப்பு" என்றார் அதிகாரி, வருத்தமாகவே. "சட்டப்படி மூன்று குடும்பம்."

கூடத்துக்கு வந்தவர் இலைகளைப் பார்த்து நடந்தார். ஜன்னலோரம் வந்ததும் நின்றார். "இது ஏன் தனியாக? இது யாருக்கு?"

"இவள் அப்பாவுக்கு" என்று மாச்சிக் என்னைக் காட்டினார். "மீன் சாப்பிட மாட்டார். அதனால்தான் அந்த அடுப்பு. எந்தக் குடும்பத்தில்தான் மீன் சாப்பிடாத ஒருவர் இல்லை?"

அதிகாரி என்னிடம் திரும்பினார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "புவான், நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் நீங்கள் வாடகைக்காரரா, குடும்பமா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்து பெரெண்டாம் சாலையும் செம்மண்ணும் கயிறும் கண்முன் வந்தன. வாடகைக்காரி என்று சொல்லியிருந்தால் அது பொய்யே இல்லை. மாதாமாதம் வாடகை கொடுக்கிறோம், சத்தியம் செய்யலாம். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது.

அப்பாவின் இலையைப் பார்த்தேன். சொதி, இஞ்சித் துவையல், ஓரத்தில் உரித்து வைத்த மங்குஸ்தீன். சொதிக்கு மேல் ஏதோ புல் மிதந்தது. நான் பார்க்காத நேரத்தில் மாச்சிக் செராய் என்னும் எலுமிச்சைப் புல்லில் ஒரு துண்டைத் தட்டிப் போட்டிருக்கிறார், மணத்துக்கு. அப்பா ஆயுசில் கண்டிராத மணம். என் வீட்டில் எனக்குக் கொடுக்காத உரிமையை எடுத்து, யாரோ ஒருத்தி என் அப்பாவுக்கு இலை போட்டிருக்கிறாள். வாடகைக்காரிக்குச் சோறு போடுவார்கள். வாடகைக்காரியின் செத்துப்போன அப்பாவுக்கு யாராவது இலை போடுவார்களா?

"கெலுவார்கா" என்றேன். குடும்பம்.

என்சிக் யூசோப் பேனாவைத் திறந்தார். அஞ்சலையை அவர் கேட்கவேயில்லை. எழுதினார், கோப்பை மூடினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

7

மறுநாளிலிருந்து அவரவர் அடுப்படிக்கு அவரவர் போய்விட்டோம் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படித்தான் செய்தோம், நாலு நாள். ஐந்தாம் நாள் அஞ்சலை மீன் குழம்புக்குப் புளி கேட்டு வந்தாள், நான் வெற்றிலைக்கு மாச்சிக்கிடம் போனேன், எப்படியோ மூவரும் முன்கட்டிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போது சில நாள் ஒரு அடுப்பு, சில நாள் மூன்று. சண்டைக்குத் தகுந்தபடி.

இடிக்கச் சொல்லி எங்கள் மனைக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. பத்து பெரெண்டாம் வீடு இவர் அலுவலகத்தில் வேறொருவருக்குப் போயிற்று. இவர் நாலைந்து நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. போன வாரம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது, நான் நின்ற இடத்தில் அடுப்படி ஜன்னல் வைத்துவிட்டதைப் பார்த்தேன். வலித்தது. இன்னும் வலிக்கிறது. நான் தியாகி இல்லை.

திருத்திய வரைபடத்தை ஜனங்கள் பார்ப்பதற்காக அலுவலக முன்கூடத்தில் ஒட்டியிருந்தார்கள். நாங்கள் மூன்று பெண்களும் போனோம்.

"எல்லாம் மஞ்சளால்ல இருக்கு, நம்ம வீடு எது அக்கா?" என்று அஞ்சலை தேடினாள்.

காஜா பெராங்கைக் கண்டுபிடித்து, எங்கள் மனையின் மேல் விரலை வைத்தேன். மற்ற எல்லா மனையும்போல அதுவும் மஞ்சள்தான். ஒரு வீடு, ஒரு குடும்பம். அன்று சாயங்காலம் இவர் காப்பியைக் குடித்துக்கொண்டே, "அந்த மனைக்கு நான்தான் கலர் போட்டேன். பொய்யா கலர் போடுறோமேன்னு உறுத்தும்னு நினைச்சேன், உறுத்தல" என்றார். அதற்கப்புறம்தான் பழையபடி பேச ஆரம்பித்தார்.

பசை ஆறிவிட்டது. வள்ளி வேலியில் கொடி ஒட்டிக்கொண்டிருக்கிறாள், மாச்சிக்கின் பக்கம், எங்கள் பக்கம், அஞ்சலையின் பக்கம் என்று பார்க்காமல் வரிசையாக. சித்திக்கு ஒரு வார்த்தை: அந்தக் குத்துவிளக்கை அனுப்பி வையுங்கள், இங்கே ஏற்ற இடம் இருக்கிறது.

அண்ணா, கிரகப்பிரவேசம் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். அது ஆனியிலேயே முடிந்துவிட்டது. அப்பா வந்திருந்தார்.